ஹம்மஸ் நைசாக வராததற்குக் காரணம் மிக்சி இல்லை, தண்ணீர்

வேலூரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஒன்று இல்லை, இரண்டு. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி; துவைக்க, குளிக்க, பாத்திரம் தேய்க்க உப்புத் தண்ணி. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடம், பக்கெட், அண்டா எல்லாம் நிரம்பிவிடும், வராத நாளில் மோட்டார் போட்டால் போரிலிருந்து வருவதுதான் கதி. அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாலே எங்கள் ஆயா, "அதுல பருப்பு போடாதடா, விடிய விடிய எரிச்சாலும் வேவாது" என்று குரல் கொடுப்பார். இந்த ஒரு வாக்கியத்தில் ஹம்மஸ் செய்வதற்கான முக்கால்வாசி அறிவியல் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஹம்மஸ் என்பது அரபியில் கொண்டைக்கடலைக்கே பெயர். வேகவைத்த கடலை, எள் விழுதான தஹினி, எலுமிச்சை, பூண்டு, உப்பு, அவ்வளவுதான் சாமான். வீட்டில் செய்து பார்த்த பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: கடையில் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, நாம் அரைத்தால் ரவை மாதிரி நாக்கில் தட்டுகிறது, நல்ல மிக்சி வாங்க வேண்டும் போல. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் ஒரே பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கொண்டைக்கடலையை நூறு நூறு கிராமாக மூன்று டப்பாவில் பிரித்து, ஒன்றை போர் தண்ணீரிலும், ஒன்றை கேன் தண்ணீரிலும், ஒன்றை கால் ஸ்பூன் ஆப்ப சோடா கலந்த கேன் தண்ணீரிலும் பத்து மணி நேரம் ஊறப்போட்டு, சூடு ஒரே மாதிரி கிடைக்கட்டும் என்று மூன்று டப்பாவையும் ஒரே குக்கரில் வைத்து வேகவிட்டேன். விரலால் நசுக்கிப் பார்த்தபோது போர் தண்ணீர்க் கடலை இரண்டாகப் பிளந்தது, உள்ளே மாவு மாவாக இருந்தது. கேன் தண்ணீர்க் கடலை மெத்தென்று உடைந்தது. சோடா போட்டதோ விரல் பட்டதும் விழுதாகவே மாறிவிட்டது, அதன் தோல்கள் தானாகக் கழன்று மேலே மிதந்தன. மூன்றையும் ஒரே ஜாரில் இரண்டு இரண்டு நிமிடம் அரைத்தேன். ரவை தட்டியது முதல் டப்பாவில் மட்டும்தான்.

ஏன் என்று பார்ப்போம். கடலைக்குள் லட்சக்கணக்கான செல்கள் செங்கல் போல அடுக்கப்பட்டிருக்கின்றன, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சிமெண்ட் மாதிரி பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. வேகவைப்பது என்றால் ஒரு பக்கம் செல்லுக்குள் இருக்கிற மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்ப வேண்டும், இன்னொரு பக்கம் இந்தப் பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். பெக்டின் இழைகளைக் குறுக்கே கட்டிப்போடுவது கால்சியமும் மெக்னீசியமும். ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு மின்னூட்டம், அதனால் இந்தக் கையால் ஓர் இழையையும் அந்தக் கையால் இன்னோர் இழையையும் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் கூடுதலாக இருக்கின்றன. குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதும், ஹீட்டர் காயிலில் ஓடு போலக் கட்டுவதும், சோப்பு நுரைக்காமல் போவதும் இதனால்தான். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பாலாற்றங்கரையில் ஆழமாக போர் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அந்தத் தண்ணீரில் கடலையைப் போட்டால், கரைய வேண்டிய சிமெண்டுக்கு நாமே கம்பி கட்டிக் கொடுக்கிறோம்.

சோடா செய்வது இதற்கு நேரெதிர். கார நிலையில், அதாவது புளிப்புக்கு எதிரான நிலையில், பெக்டின் இழைகள் சூட்டில் துண்டு துண்டாக அறுபடும், அதோடு சோடாவில் இருக்கும் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒரே கைதான், இரண்டு இழைகளைச் சேர்த்துக் கட்ட அதனால் முடியாது. சாதாரணக் கல்லுப்பு போட்டு ஊறவைத்தாலும் கொஞ்சம் இதே வேலை நடக்கிறது, ஆகவே உப்பு போட்டால் கடலை வேகாது என்ற பயத்தை விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது புளிப்புக்கு. புளிப்பில் பெக்டின் கெட்டிப்பட்டு நிற்கும். பருப்பு வெந்த பிறகுதான் குழம்பில் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதற்காகத்தான். ஹம்மஸிலும் எலுமிச்சைக்கு முறை கடைசியில்தான்.

இன்னொரு விஷயம், கடலையின் வயசு. பழைய கடலை எந்தத் தண்ணீரிலும் சரியாக வேகாது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது கடலைக்குள் ஃபைட்டேட் என்ற பொருள் மெல்லச் சிதைகிறது, அது அதுவரை பிடித்து வைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் விடுபட்டுப் போய் பெக்டினில் ஒட்டிக்கொள்கின்றன. போர் தண்ணீர் வெளியிலிருந்து செய்கிற கெடுதலை, பழைய கடலை உள்ளிருந்தே செய்துகொள்கிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், அடுப்புக்கு மேல் பரணில் ஒரு வருஷம் கிடந்த டப்பாவை நம்பி ஹம்மஸ் செய்ய வேண்டாம். அதைச் சுண்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்டலுக்குக் கடலை முழுசாக, மணி மணியாக நிற்க வேண்டும், அங்கே கால்சியம் நமக்கு நண்பன். டின்னில் அடைத்து விற்கிற சில கடலைகளில் குழையாமல் இருக்க கால்சியம் குளோரைடு சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆக, கால் கிலோ கடலைக்கு அரை டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு நல்ல தண்ணீரில் இரவெல்லாம் ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீரும் இன்னும் ஒரு சிட்டிகை சோடாவும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, ஏனென்றால் கடலையில் இருக்கும் புரதமும், சோப்பு போல நுரைக்கிற சப்போனின் என்ற பொருளும் சேர்ந்து நுரை தள்ளும், சோடா அதை இன்னும் கிளப்பும், அந்த நுரை ஆவி போகிற துளையை அடைக்கலாம். சோடாவை அள்ளிக் கொட்டினால் சோப்பு வாடை வரும், வைட்டமின் பி1-ம் வீணாகும். எவ்வளவு வேக வேண்டும் என்றால், சுண்டலுக்குப் போட்டிருந்தால் அம்மா திட்டுகிற அளவுக்குக் குழைய வேண்டும். குளிரக் குளிர மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்கும், அதனால் சூடு ஆறுவதற்குள் அரைத்துவிடுங்கள்.

இனி தஹினி. வேலூர்க் கடைகளில் தேடி அலைய வேண்டியதில்லை, வெள்ளை எள் போதும், தோல் நீக்கியது கிடைத்தால் கசப்பு இருக்காது. நூற்றைம்பது கிராம் எள்ளைச் சிறு தீயில், சிவக்க விடாமல், வாசனை வந்து ஒன்றிரண்டு பொரியும் வரை வறுத்து, ஆறவைத்து, சின்ன ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடி, பிறகு உருண்டை, பிறகு திடீரென்று இளகி ஊற்றுகிற பதம். எள்ளில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்க்கலாம்.

இந்த விழுதை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஒரே ஒரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள், எனக்கு இது எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. தண்ணீர் ஊற்றினால் இளக வேண்டும் இல்லையா? இறுகும். ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கும், விழுது திரிதிரியாகப் பிரிந்து, கெட்டுவிட்டது என்று கொட்டத் தோன்றும். கொட்டாதீர்கள். இன்னும் ஒரு ஸ்பூன், இன்னும் ஒன்று என்று ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, பழுப்பு நிறம் போய், தயிரைப் போல வெளுத்துவிடும்.

நடந்தது இதுதான். அரைத்த விழுதில் எண்ணெய்தான் கடல், எள்ளின் புரதமும் நாரும் அதில் மிதக்கிற துகள்கள். கொஞ்சம் தண்ணீர் வந்ததும் அந்தத் துகள்கள் அதை உறிஞ்சி, ஈரப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதனால் இறுகுகிறது. தண்ணீர் போதுமான அளவு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது: தண்ணீர் கடலாகிவிடும், எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து அதில் மிதக்கும், எள்ளின் புரதம் ஒவ்வொரு துளியையும் சுற்றிப் போர்த்தி அவை ஒன்றுசேராமல் காக்கும். பால் வெள்ளையாக இருக்கிற காரணம்தான் இதற்கும். கோடிக்கணக்கான துளிகளில் பட்டு ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது.

நம் ஊர்ச் செக்கில் இதன் முதல் பாதி மட்டும் தினமும் நடக்கிறது. எள் ஆட்டும்போது கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ஈரத்தில் சக்கை ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்ணாக்காகத் திரள, நல்லெண்ணெய் பிரிந்து வெளியே வருகிறது. செக்குக்காரர் அதோடு நிறுத்திவிடுகிறார், ஹம்மஸ் செய்கிறவர் தண்ணீரை மேலும் ஊற்றி அடுத்த பாதிக்குப் போகிறார்.

பூண்டுக்கு ஒரு சின்ன வித்தை. பூண்டை நசுக்கும்போதுதான் அலினேஸ் என்ற நொதி, அலின் என்ற பொருளைச் சந்தித்து, மூக்கைப் பிடிக்கிற அலிசினை உண்டாக்குகிறது. கடும் புளிப்பில் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே நான்கு பல் பூண்டை இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றோடும் உப்போடும் சேர்த்தே அரைத்து, பத்து நிமிடம் விட்டு வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் தஹினியில் சேர்த்தால் பூண்டு மணம் இருக்கும், காரல் இருக்காது. கால் கிலோ கடலைக்கு நூற்றைம்பது கிராம் எள் விழுது என்பது என் கணக்கு. குறைத்தால் ஹம்மஸ் சட்னி பக்கம் சாய்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, வேண்டிய பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜில் இறுகிக்கொள்ளும்.

ருசி கூட்டுவதற்கு எனக்கு முதல் தேர்வு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த காய் அது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாமல் சாப்பிடத் தெரியாத பகுதி நம்முடையது, ஹம்மஸுக்கும் அது பொருந்துவதில் ஆச்சரியமில்லை. காயை அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் தோல் கருகும் வரை சுட்டு, உரித்து, கட்டாயம் வடிகட்டியில் அரை மணி நேரம் தண்ணீர் இறங்க விடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரே ஹம்மஸைக் கூழாக்கிவிடும். பீட்ரூட் போட்டால் எலுமிச்சையின் புளிப்பில் நிறம் அழகாக நிற்கும், கடலையில் சோடா மிஞ்சியிருந்தால் மங்கும். கொத்தமல்லி, புதினாவுக்குப் புளிப்பு எதிரி. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தைப் புளிப்பு தள்ளிவிட்டு இலையைக் காக்கி நிறமாக்கும், ஆகவே பரிமாறுகிற வேளையில் மட்டும் கலக்குங்கள். காரம் வேண்டுமானால் மிளகாய்த்தூளை மிதமான சூட்டில் நல்லெண்ணெயில் கலந்து மேலே ஊற்றுங்கள், காரப் பொருள் எண்ணெயில்தான் கரையும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஹம்மஸின் புளிப்பு ஊறுகாயின் புளிப்பு இல்லை, அது கெடாமல் காப்பாற்றாது. நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் நான்கு நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள, பிட்டா என்ற மெல்லிய அரபு ரொட்டியில் செய்கிற சிப்ஸ். ஷவர்மா கடைகளில் கிடைக்கிற குபூஸும் பிட்டாவும் நெருங்கிய உறவு, அதையே வாங்கலாம். இரண்டு அடுக்காகப் பிரிகிறதே, அதைச் செய்வதும் தண்ணீர்தான்: மெல்லிய மாவு கடும் சூட்டில் விழுந்ததும் மேலும் கீழும் ஓடு கட்டிவிடுகிறது, நடுவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது, போக வழியில்லாமல் இரண்டு ஓட்டையும் தள்ளிப் பிரிக்கிறது. ஆனால் சிப்ஸுக்கு அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் வெளியேற வேண்டும். நேற்றைய குபூஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு அடுக்கையும் உரித்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக வெட்டி, சொரசொரப்பான உள்பக்கத்தில் எண்ணெய் தடவி, ஓவனில் 170 டிகிரியில் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் வையுங்கள். உரிக்காமல் வைத்தால் வெளிப்பக்கம் சிவந்த பிறகும் நடுவில் ஈரம் நிற்கும், ஆறியதும் அந்த ஈரம் பரவி எல்லாம் தோல் மாதிரி இழுக்கும். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் போட்டாலும் வரும், பொறுமை வேண்டும்.

ஈரம் சில சதவீதமாகக் குறைந்ததும் மாவுச்சத்தும் கோதுமைப் புரதமான குளூட்டனும் கண்ணாடி போன்ற நிலைக்குப் போய்விடுகின்றன, வளையாது, உடையும். நாம் கேட்கிற 'படக்' சத்தம் அந்த உடைதல்தான். கொஞ்சம் ஈரம் திரும்பினாலும் மறுபடி ரப்பர் பதம். சிப்ஸ் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் அதன் ஆவியே அதை நமுக்கவைத்துவிடும், முழுக்க ஆறட்டும். ஏப்ரல், மே மாதத்து வறண்ட காற்றில் தட்டில் கிடந்தாலும் மொறுமொறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஐப்பசி மழையில் டப்பா திறந்த அரை மணியில் நமுத்துவிடும். அப்போதும் தூக்கிப் போடாதீர்கள், 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி, தட்டில் பரப்பி ஆறவிட்டால் மறுபடி 'படக்'.