யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களும் நிராகரிக்கப்பட்ட வாக்குகளும்

2024 நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. 2020 இலும் அந்த எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வாக்களிக்கப் போன ஏறக்குறைய பதினொரு பேரில் ஒருவருடைய சீட்டு எந்தக் கட்சியின் கணக்கிலும் சேரவில்லை. வாக்களிக்க விருப்பமில்லாமல் வீட்டில் இருந்தவர்களை நான் சொல்லவில்லை. இவர்கள் காலையில் எழும்பி, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு வந்தவர்கள்.

அரச சேவையில் இருந்த காலத்தில் வாக்களிப்பு நிலையங்களிலும் வாக்கெண்ணும் மேசைகளிலும் கடமை செய்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஊர்ச் சனசமூக நிலையங்களில் வாக்களிக்கும் முறையை விளக்கி வருகிறேன். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் போட்ட வாக்கு எண்ணப்படவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதலில் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நம்மவர்களில் பலருக்கு இது சரியாகத் தெரியாது, தெரிந்தால் சீட்டில் போடும் ஒரு புள்ளடியின் (X) பெறுமதி விளங்கும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்ததுதான் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். 2024 இல் இதற்கு 6 ஆசனங்கள். கூடிய வாக்குகள் எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போய்விடும். மிச்சம் 5. செல்லுபடியான வாக்குகளில் 5 வீதத்தை எட்டாத கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியவை ஆறு பட்டியல்கள். அவற்றின் வாக்குகளைக் கூட்டி 5 ஆல் பிரித்தால், ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய 48 ஆயிரம் வாக்குகள் வருகின்றன. தேசிய மக்கள் சக்திக்கு 80,830, தமிழரசுக் கட்சிக்கு 63,327. இந்த இரண்டும் மட்டுமே 48 ஆயிரத்தைத் தாண்டின, ஆளுக்கோர் ஆசனம். இன்னும் மூன்று ஆசனங்கள் இருக்கின்றன. இங்கேதான் மீதி வாக்குகள் பேசத் தொடங்கும். தேசிய மக்கள் சக்தியின் மீதி 32 ஆயிரத்துச் சொச்சம். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு 27,986. 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு 27,855. மூன்று ஆசனங்களும் முடிந்துவிட்டன. அடுத்த படியில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22,513. அதற்கு ஒன்றும் இல்லை.

கடைசி ஆசனத்தை எடுத்தவர்களுக்கும் அதைத் தவறவிட்டவர்களுக்கும் இடையில் வெறும் 5,342 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட சீட்டுகளோ அதைப்போல ஆறு மடங்கு. அவை செல்லுபடியாகியிருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. ஒரு மாற்றமும் வராமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஐயாயிரத்தில் ஓர் ஆசனம் நிற்கும் மாவட்டத்தில் முப்பதாயிரம் சீட்டுகளை ஒதுக்கி வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

சரி, இவை எப்படி நிராகரிக்கப்படுகின்றன?

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, வழக்கமாக எப்படிப் போடுவீர்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். வயதான அம்மா ஒருவர் நிதானமாகக் கீழ்ப்பக்கத்தில் இரண்டு இலக்கங்களுக்குப் புள்ளடி போட்டுவிட்டுத் தாளை நீட்டினார். மேல்ப்பக்கம் வெறுமை.

"மேல கட்சிக்கு ஒண்டும் போடேல்லையே அம்மா?"

"அவர் வந்து தன்ர நம்பரைத்தானே தம்பி சொல்லிப்போட்டுப் போனவர். என்ன சின்னம் எண்டு எனக்குத் தெரியும்தானே."

அவருக்குத் தெரியும். வாக்கெண்ணும் மேசைக்குத் தெரியாது. வாக்குச்சீட்டின் மேல்ப்பகுதியில் கட்சிகளினதும் குழுக்களினதும் பெயர்களும் சின்னங்களும், கீழ்ப்பகுதியில் வேட்பாளர்களின் இலக்கங்களும் மட்டுமே இருக்கும். வேட்பாளரின் பெயர் சீட்டில் எங்கும் இல்லை. ஒவ்வொரு பட்டியலிலும் 3 ஆம் இலக்கத்தில் ஒருவர் இருக்கிறார். மேலே கட்சிக்குப் புள்ளடி இல்லாவிட்டால் அந்த 3 யாருடைய 3? அதனால்தான் கீழே வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு மட்டும் உள்ள சீட்டு முழுதாக நிராகரிக்கப்படுகிறது. முதலில் மேலே கட்சிக்கோ குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி. அப்புறம் விரும்பினால் கீழே ஒன்று, இரண்டு அல்லது மூன்று. கீழே ஒன்றும் போடாமல் விட்டாலும் கட்சிக்குப் போட்ட வாக்கு செல்லும். கீழே மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் வீணாகும், கட்சி வாக்கு தப்பும். மேலே பிழை விட்டால் ஒன்றுமே தப்பாது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். துண்டுப்பிரசுரங்களைப் பாருங்கள். வேட்பாளரின் முகம் அரைவாசித் தாளுக்கு, இலக்கம் கொட்டை எழுத்தில், சின்னம் ஒரு மூலையில். ஒரே பட்டியலில் நிற்பவர்களுக்குள்ளேயே விருப்பு வாக்குக்குப் போட்டி என்பதால் ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். வேட்பாளர்களே, ஆதரவாளர்களே, தயவுசெய்து சின்னத்தை முதலில் சொல்லுங்கள், இலக்கத்தைப் பிறகு சொல்லுங்கள். உங்கள் சொந்த வாக்குகளைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள்.

அடுத்தது, இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி. 2024 இல் ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்களில் 396 பேர் நின்றார்கள். இவ்வளவு பேர் நிற்கும்போது ஒரு வீட்டுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பட்டியல்களில் இருப்பார்கள். படிப்பித்த வாத்தியார் ஒரு கட்சியில், சொந்தக்காரப் பொடியன் ஒரு சுயேச்சைக் குழுவில். இருவரையும் விட மனமில்லாமல் இரண்டு இடத்திலும் போட்டால் இருவருக்கும் கிடைக்காது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கட்சிக்கு மேலே போட்டுவிட்டு, வேறு கட்சியில் நிற்கும் உறவினரின் இலக்கத்துக்குக் கீழே போடுகிறவர்கள் உண்டு. சீட்டு செல்லும், ஆனால் அந்த விருப்பு வாக்கு நீங்கள் மேலே தெரிவுசெய்த கட்சியில் அதே இலக்கத்தில் நிற்கும், முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடும்.

ஜனாதிபதித் தேர்தலின் பழக்கமும் குழப்புகிறது. 2024 செப்ரெம்பர் 21 இல் 1, 2, 3 என்று விருப்பத் தெரிவு இடலாம் என்று சொல்லிக்கொடுத்தோம். எட்டு வாரம்கூட ஆகவில்லை, பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது. அதே நினைவில் மூன்று கட்சிகளுக்கு 1, 2, 3 போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். பாராளுமன்றத் தேர்தலில் மேலேயும் புள்ளடி, கீழேயும் புள்ளடி. கையொப்பம், பெயர், அடையாள அட்டை இலக்கம் என்று உங்களை இனங்காட்டக்கூடிய எதையும் எழுதக்கூடாது.

கோபத்தில் வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒதுக்கப்பட்ட வாக்குச்சீட்டுக் கட்டுக்குள் கோபத்துக்கென்று தனி நிரல் கிடையாது, தெரியாமல் பிழைவிட்ட அம்மாவின் சீட்டோடுதான் அதுவும் கிடக்கும்.

பலருக்குத் தெரியாத இரண்டு உரிமைகளைச் சொல்லவேண்டும். கை தவறிப் பிழையாகப் போட்டுவிட்டால், பெட்டிக்குள் போடமுதல் அந்தச் சீட்டைச் சிரேஷ்ட தலைமைதாங்கும் உத்தியோகத்தரிடம் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்கலாம். ஏச்சு விழும் என்று பயப்படாதீர்கள், சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மற்றது, பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்குக் கூட்டிப் போகலாம். 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. உதவியாளர் 18 வயதைத் தாண்டியவராகவும், வேட்பாளராகவோ கட்சியின் முகவராகவோ இல்லாதவராகவும் இருக்கவேண்டும். அதற்கான படிவத்தைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு, வைத்தியரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். வாக்களிப்பன்று காலையில் ஓடித்திரிந்து சரிவராது.

நிராகரிப்பைத் தாண்டி இன்னொரு கணக்கும் என்னை உறுத்துகிறது. 2024 இல் 5 வீதத்தை எட்டாத பட்டியல்களுக்குப் போன வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 85 ஆயிரம். முதலாவதாக வந்த கட்சி எடுத்ததைவிட அது கூட. போட்டியிட எல்லோருக்கும் உரிமை உண்டு, சின்னக் குழுவுக்கு வாக்களிப்பதும் பிழையில்லை. ஆனாலும் கட்டுப்பணம் கட்டமுதல், நமக்கு 5 வீதம் வருமா, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து ஒரே பட்டியலில் நின்றால் என்ன என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வரவேண்டும்.

ஆசனங்களே குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. 2010 இல் யாழ்ப்பாணத்துக்கு 9 ஆசனங்கள். 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. நாடு முழுவதும் மாவட்டங்களில் தெரிவாகும் 196 பேரில், ஒரு மாகாணத்துக்கு நாலு ஆசனமாக ஒதுக்கும் 36 ஐக் கழித்தால் மிஞ்சும் 160 உம் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன. போரும் இடம்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் நம் வாக்காளர் இடாப்பைக் கரைத்தன, அதை ஒரு நாளில் திருப்ப முடியாது. ஆனால் இங்கேயே இருந்துகொண்டு பதியாமல் இருப்பவர்களும் உண்டு. 18 வயதான பிள்ளைகள், கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனவர்கள், வாடகை வீடு மாறியவர்கள். வருடாந்த மீளாய்வின்போது கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தை மேசையில் போட்டு வைக்காமல் நிரப்பிக் கொடுங்கள். இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். பெயர் விடுபட்டிருந்தால் கோரிக்கை கொடுக்கக் குறித்த காலம் இருக்கிறது. அதைத் தவறவிட்டுத் தேர்தல் அறிவித்த பிறகு வந்து கேட்டால், எந்த உத்தியோகத்தராலும் ஒன்றும் செய்யமுடியாது.