‘மேட்ரன்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

ராணுவ மருத்துவமனையின் குடும்ப வார்டில் நாலு நாள் படுத்திருந்தவர்களுக்கு ‘மேட்ரன்’ என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாம். காலையில் வார்டு திடீரென்று அடங்கும். கட்டில் விரிப்பின் தொங்கும் முனைகள் உள்ளே செருகப்படும், மருந்து வண்டி சுவரோரம் ஒதுங்கும். “மேட்ரன் ரவுண்ட்ஸ் வர்றாங்க” என்று யாரோ முணுமுணுப்பார்கள். மருத்துவமனைச் செவிலியர் எல்லாருக்கும் மேலதிகாரி அவர். வருபவர் முதலில் பார்ப்பது குழந்தையை அல்ல, கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையை. அடுத்த கேள்வி தாயிடம்: “வீட்டுக்காரருக்குத் தகவல் போச்சா? எந்த யூனிட்?” கணவர் எல்லையில் இருக்கிறார், கூட வந்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி என்றால், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தொலைபேசி அழைப்பும் இருக்கும்.

இப்படி எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். தமிழில் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது.

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவ வசதிகளை விளக்கும் கையேடு ஒன்றின் தமிழாக்கம் என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதில் ‘பிரின்சிபல் மேட்ரன்’ என்பவர் ‘முதன்மை விடுதிக் காப்பாளர்’ ஆகியிருந்தார். கர்னல், பிரிகேடியர் தகுதி வரை வகிக்கும் ஒரு ராணுவ அதிகாரியின் கையில் மாணவியர் விடுதிச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அடித்தேன். பிறகு சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போனபோது, அந்த மொழிபெயர்ப்பாளர் முழுக்கத் தப்பில்லை என்று தெரிந்தது. நானூற்றைம்பது ஆண்டு பிந்தி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

லத்தீனில் ‘மாட்டெர்’ என்றால் தாய். சமஸ்கிருத ‘மாத்ரு’வும் அதிலிருந்து நமக்கு வந்த ‘மாதா’வும் இதே குடும்பம். ‘மாட்டெர்’ரிலிருந்து ‘மாட்ரோனா’ பிறந்தது. மணமாகி, மதிப்போடு வீட்டை ஆளும் பெண் என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. விடுதி, மருத்துவமனை போன்ற நிறுவனங்களை நிர்வகிக்கும் பெண் என்ற பொருள் 1550களில் ஒட்டிக்கொண்டது. அன்றைய மருத்துவமனை மேட்ரனின் வேலை துணிமணி, சலவை, பணிப்பெண்களை மேய்ப்பது, சாவி வைத்திருப்பது. நோயாளியின் புண்ணோடு அவருக்கு அதிகம் சம்பந்தமில்லை. ஆக, ‘விடுதிக் காப்பாளர்’ 16ஆம் நூற்றாண்டுக்குச் சரியான மொழிபெயர்ப்பு.

சொல்லின் பொருளைத் திருப்பிப் போட்டது போர். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு இருந்த பதவிப்பெயர் மேட்ரன் அல்ல, ‘சூப்பரின்டெண்டெண்ட்’. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழாக்கத்தில் இது காலை வாரும். படைவீடு மருத்துவமனையாக மாறியிருந்த அந்தப் பெரிய கட்டடத்தின் மேல்தளங்களில் காயம்பட்ட சிப்பாய்கள். கீழே, ஈரமான நிலவறைகளில், படையோடு வந்து திக்கற்றுப்போன சிப்பாய்களின் மனைவிமாரும் குழந்தைகளும். அவர்களைக் கவனிக்கும்படி நைட்டிங்கேல் அலீசியா பிளாக்வுட் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார். மேலே இருக்கிறவனின் உடம்பும் கீழே இருக்கிறவளின் நிலையும் வேறு வேறு கணக்கல்ல என்று கண்ட அந்த ஏற்பாட்டை, ராணுவக் குடும்ப மருத்துவத்தின் தொடக்கங்களில் ஒன்றாகவே நான் வைப்பேன்.

போருக்குப் பின் நைட்டிங்கேல் பிடிவாதமாக வலியுறுத்தியது ஒன்று: செவிலியர் எல்லாரும் பயிற்சி பெற்ற ஒரு பெண் தலைவரின் பொறுப்பில் இருக்கவேண்டும். வார்டுக்கு ஒரு எஜமானர், மருத்துவருக்கு ஒரு சிபாரிசு என்ற நிலை கூடாது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கிருந்து பரவிய முறையில் ‘மேட்ரன்’ சலவைக்கணக்கை விட்டு செவிலியப் படையின் தளபதியானார். 1902இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் செவிலியர் பணியைத் திருத்தி அமைத்தபோது ‘மேட்ரன்-இன்-சீஃப்’ என்று ஒரு பதவியே வந்தது. முதலில் அமர்ந்தவர் சிட்னி பிரவுன். ‘தாய்’ என்ற வேரில் ‘தளபதி’ என்ற கிளை. சொல்லுக்கு வாய்த்த பதவி உயர்வு இது.

இந்தியக் கதை 1888 பிப்ரவரி 21 அன்று தொடங்குகிறது. ராணுவ மருத்துவமனைகளில் செவிலியப் பணியை ஒழுங்குபடுத்த, பயிற்சி பெற்ற 10 செவிலியர் பம்பாயில் கரையிறங்கினார்கள். தலைமையேற்று வந்த கேத்தரின் லாக்கின் பதவிப்பெயர் ‘லேடி சூப்பரின்டெண்டெண்ட்’. 1926 அக்டோபர் 1இல் இந்திய ராணுவச் செவிலியர் பணி தனி அமைப்பானது. 1943இன் அவசரச் சட்டம் அதன் செவிலியரை அதிகாரிகள் ஆக்கியது. தோளில் நட்சத்திரம் ஏறியது. 1976இல் கெர்ட்ரூட் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தத் தகுதியை எட்டிய முதல் பெண் ஒரு செவிலியர் என்பது பலருக்கு இன்றும் வியப்பு. எனக்கு வியப்பு அதில் இல்லை. லெப்டினன்ட், மேஜர், கர்னல் என்று படைத்தகுதி முழுதும் வந்தபிறகும், மருத்துவமனையில் வகிக்கும் பொறுப்புக்கு ‘மேட்ரன்’ என்ற பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதில்தான். தகுதி தோளில், பொறுப்பு நாவில்.

பிரிட்டனிலேயே அதை உதறிப் பார்த்தார்கள். 1966இல் ஒரு குழு ‘நர்சிங் ஆபிசர்’ என்ற படிநிலைகளைப் பரிந்துரைக்க, அரசு மருத்துவமனைகளிலிருந்து மேட்ரன் மெல்ல மறைந்தார். வார்டில் யாருக்குப் பயப்படுவது என்றே தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. 2001இல் திரும்ப அழைத்துவந்தார்கள்.

இனி நம் பக்கம். மேட்ரனில் இருக்கும் ‘தாய்’ தமிழாக்கத்தில் தொலைந்துபோகிறதே என்று கவலைப்படுவோர் உண்டு. கவலையே வேண்டாம். செவிலி என்ற சொல்லிலேயே அவள் இருக்கிறாள். ‘தாய் எனப்படுவோள் செவிலி ஆகும்’ என்கிறது தொல்காப்பியம். அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். தலைவியின் மறைவான செய்திகளும் அவள் வழியாகத்தான் பேசப்படும் என்பதால் அவளுக்கே தாய் என்ற பெயர். ஆங்கில ‘நர்ஸ்’ஸும் ஊட்டி வளர்த்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து, பாலூட்டும் தாதி என்ற பொருளோடு கிளம்பி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த சொல்தான். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே வளர்ப்புத்தாயின் வாசலில் நிற்கின்றன. ‘தாய்மைச் செவிலியர்’ என்று ஒட்டவைத்தால் தாய்க்குத் தாய் என்றாகும். போதாக்குறைக்கு மகப்பேறு வார்டு என்றும் மயங்கும்.

நோயாளிக்குப் பணிவிடை செய்பவருக்கு வள்ளுவர் தரும் பெயர் வேறு: ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே நின்று ஏவல் செய்பவர். 950ஆம் குறள் மருத்துவத்தை நாலு கூறாக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு இவரையும் ஒரு கூறாக, சரிநிகராக வைக்கிறது. அழகான சொல், ஆனால் ஆண்பால் ஈறு. இன்றைய பதவிப்பலகையில் ஏறவும் ஏறாது.

படைவீரன் வீட்டில் நடந்த மருத்துவத்துக்கு நம்மிடம் இன்னும் பழைய சாட்சி உண்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டவன் உள்ளே கிடக்கிறான். மனைவி வீட்டில் இரவம் என்னும் மரத்தின் இலையும் வேப்பிலையும் செருகுகிறாள். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மை இழுகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகு தூவி, ஆம்பல் என்னும் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பச் சொல்கிறாள். ‘காக்கம் வம்மோ காதலந் தோழி’ என்று அழைக்கிறாள். யார் எதைச் செய்யவேண்டும், எந்த வரிசையில் என்று அவளுக்குத் தெரிகிறது. புண்ணைத் தான் ஒருத்தியாகக் காக்க முடியாது, ஆள் கூட்டவேண்டும் என்பதும் தெரிகிறது. பெயரில்லாத அந்தப் பெண்ணுக்குத் தமிழின் முதல் மேட்ரன் என்று பட்டம் கொடுத்தால் நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

ஆகவே தமிழாக்கத்தில் குறைவது தாய்மை அல்ல, தலைமை. புழக்கத்தில் இருப்பவற்றைப் பார்ப்போம். ‘தலைமைச் செவிலியர்’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ‘ஹெட் நர்ஸ்’ என்ற கீழ்ப்படிப் பதவிக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘செவிலியர் கண்காணிப்பாளர்’ அரசு மருத்துவமனைகளில் நிலைத்த பெயர். அது சூப்பரின்டெண்டெண்டின் தமிழ். அந்தப் பதவிக்குக் கச்சிதம், மேட்ரனுக்கு அல்ல. ‘செவிலித்தாய்’ என்று எழுதினால் சங்கப் பாடல் வாசனை அடிக்கும், ஆணையிடும் தோரணை வராது. என் தேர்வு ‘செவிலியர் தலைவர்’. ‘அர்’ ஈறு இருப்பதால் ஆண்களுக்கும் பொருந்தும். பிரிட்டனில் ஆண் மேட்ரன்கள் இருக்கிறார்கள், லத்தீன் தாய் அங்கே சங்கடத்தில் நெளிகிறாள். பிரின்சிபல் மேட்ரன் ‘முதன்மைச் செவிலியர் தலைவர்’. ராணுவத் தகுதியை அப்படியே முன்னால் வைக்கவேண்டும்: பிரிகேடியர் இன்னார், முதன்மைச் செவிலியர் தலைவர்.

அதே கையேட்டில் ‘வெட்டரன்’ என்பதை ‘மூத்த வீரர்’ என்று எழுதியிருந்தார்கள். லத்தீன் வேருக்குப் ‘பழைய’ என்றுதான் பொருள், அதனால் வந்த மயக்கம். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற சிப்பாயும் வெட்டரன்தான். ‘முன்னாள் படைவீரர்’ என்று நலத்துறையின் பெயரிலேயே ஊன்றிவிட்ட சொல் இருக்க, வேறு எதற்கு? 2003 ஏப்ரல் 1இல் தொடங்கிய அவர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் வரை நீள்கிறது. ‘மூத்த வீரர் குடும்பம்’ என்று எழுதினால் பாதிப்பேர் தங்களுக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

கையேட்டைத் திருத்தி அனுப்பினேன். ‘முதன்மைச் செவிலியர் தலைவர்’ என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘மேட்ரன்’ என்றும் சேர்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் சுபேதார், “செவிலியர் தலைவர் எங்கேம்மா?” என்று கேட்கப்போவதில்லை.