பனிப்போர்: இந்தச் சொல்லில் பனி எங்கிருந்து வந்தது?

ஒரே கட்சியில் இரண்டு தலைவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், மறுநாள் செய்தித்தாளில் 'பனிப்போர்' என்று வந்துவிடுகிறது. சொல் அப்படிப் புழங்கிப்போயிற்று, சரி. ஆனால் அது பிறந்தபோது அதன் பின்னால் அணுகுண்டு இருந்தது.

ஆங்கிலத்தில் இது 'கோல்ட் வார்', அதாவது குளிர்ந்த போர். குண்டு வெடிக்கும் போரைச் சூடான போர் என்று கொண்டால், பகை முற்றியும் வெடிக்காமல் நிற்பது குளிர்ந்த போர். ரஷ்யாவின் உறைபனியை வைத்து வந்த பெயர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

1945 அக்டோபரில், ஹிரோஷிமா எரிந்து இரண்டரை மாதம்கூட ஆகாத நிலையில், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் லண்டன் 'ட்ரிபியூன்' இதழில் இந்தச் சொல்லை எழுதினார். அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டை யாரும் வெல்ல முடியாது, அது அண்டை நாடுகளோடு ஓயாத குளிர்ந்த போரிலேயே இருக்கும் என்பது அவர் கணிப்பு. 1947 ஏப்ரலில் அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லிவந்த பெர்னார்ட் பரூக் அமெரிக்க, சோவியத் பகையைக் குறித்து ஒரு மேடையில் இதைச் சொன்னார். அதே ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் தன் புத்தகத்துக்கே இதைத் தலைப்பாக வைத்தார். அப்புறம் சொல் உலகமெங்கும் பரவியது.

பகையின் வேர் இன்னும் முந்தையது. 1945 ஜூலை 24, போரில் வென்ற நாடுகளின் தலைவர்கள் ஜெர்மனியில் கூடிய போட்ஸ்டாம் மாநாடு. அன்றைய கூட்டம் முடிந்ததும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் மொழிபெயர்ப்பாளரைக்கூட அழைக்காமல் சோவியத் தலைவர் ஸ்டாலினிடம் போய், பேரழிவு ஆற்றல் கொண்ட புதிய ஆயுதம் எங்களிடம் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். ஸ்டாலின் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒற்றர்கள் மூலம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்து வீழ்த்தியவர்கள்தான் இருவரும். வெற்றி கிடைத்து மூன்று மாதம் முடிவதற்குள் ஒருவரிடம் ஒருவர் மறைக்கத் தொடங்கிவிட்டார்கள். போரில் 2 கோடிக்கும் மேற்பட்ட மக்களை இழந்த சோவியத் ஒன்றியம், போலந்து முதலான எல்லை நாடுகளைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள நினைத்தது. வாஷிங்டன் அதைக் கம்யூனிசப் படர்ச்சியாகப் பார்த்தது. 1947 மார்ச்சில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் ட்ரூமன் பேசியபோது பகை வெளிப்படையானது.

மேற்கு பெர்லின் மேற்கு நாடுகளின் கையில் இருந்தது; சுற்றிலும் சோவியத் பிடியிலிருந்த ஜெர்மன் பகுதி. 1948 ஜூனில் அங்கே போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் அடைத்தது. சுமார் 20 லட்சம் பேருக்கு மாவும் பாலும் விமானத்தில் போயின. நிலக்கரியைக்கூட மூட்டை மூட்டையாக விமானத்தில் ஏற்றினார்கள்! 1949 மே வரை அந்த முற்றுகை நீடித்தது. இரு படைகளும் மோதிக்கொள்ளவில்லை. குளிர்ந்த போர் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி தமிழுக்கு வருவோம். நேராகப் பெயர்த்தால் 'குளிர்ப்போர்' என்றுதான் வரவேண்டும். ஆனால் நிலைத்தது 'பனிப்போர்'. பிழையான பெயர்ப்பு என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். 'பனிஅரும்பிப் பைதல்கொள் மாலை' என்ற குறளில் பனிக்கு நடுக்கம் என்றே பரிமேலழகர் உரை சொல்கிறார். சொல்லை ஆக்கியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, உலகமே அணுகுண்டுக்கு நடுங்கிக் கிடந்த காலத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது.

இலங்கைத் தமிழில் 'கெடுபிடிப் போர்', 'கெடுபிடி யுத்தம்' என்று எழுதுவார்கள். சுடாமல் நெருக்குவது என்ற பொருளை அது இன்னும் நேராகச் சொல்கிறது. பெர்லின் சாலைகளை அடைத்தது கெடுபிடிதானே! இரண்டில் எதை எழுதினாலும் சரியே. ஆனால் 1950 முதல் 1953 வரை பல லட்சம் பேர் மாண்ட கொரியப் போரைப் பனிப்போர் என்று எழுதாதீர்கள். 'பனிப்போர்க் காலத்துப் போர்' என்று எழுதுங்கள்.