ஆச்சிக்கு மூணு நாளா காய்ச்சல்

நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்க என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே ஒரு வரிதான் கொடுப்பேன். "ஆச்சிக்கு மூணு நாளா காய்ச்சல். இதை இங்கிலீஷில் எழுது."

போன மாதம் முக்கூடல் பக்கமிருந்து வந்த பிள்ளை, 'மை கிராண்ட்மதர் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதினாள். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைக்கிறார். பிள்ளையின் நோட்டில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழ்ப் பொருள். அத்தனையும் மனப்பாடம். அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்படிப் படி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் ராணுவச் செவிலியர் சேவையின் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குப் போகிற பெண்களுக்கு, நீட் மதிப்பெண்ணுக்கு அப்புறம் திறனறிவும் பொது ஆங்கிலமும் சேர்ந்த கணினித் தேர்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பல நர்சிங் கல்லூரிகள் கேட்கும் டீஸ் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 37 கேள்விகள், 37 நிமிடம். நோட்டின் எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது என்று யோசிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும்.

சரி, அந்த வரிக்கு வருவோம். 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் அவள் நோட்டில் ஒரே பொருள்தான் எழுதியிருந்தது. ஆனால் நம் தமிழில் அந்த வித்தியாசம் தெளிவாகவே இருக்கிறது. 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்கிறோம். 'மூணு நாளா காய்ச்சல்' என்கிறோம். இதை மாற்றி 'மூணு நாளிலிருந்து' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'இருந்து' வருகிற இடத்தில் 'சின்ஸ்', 'ஆக' வருகிற இடத்தில் 'ஃபார்'. காய்ச்சல் பேச்சுக்கு இந்தக் கணக்கு அநேகமாகத் தவறாது. தமிழ் எங்கே கைகொடுக்காது என்றால், காலத்தில். நமக்கு 'காய்ச்சல் அடிக்குது' என்ற நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்கு அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதைக் காட்ட 'ஹாஸ் ஹேட்' வேண்டும்.

இன்னொரு தப்பு, நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கிறேன். 'அவுக' என்று பேசிப் பழகிய வாய் நமக்கு. அவுக என்றால் ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். அதனால் பெண் நோயாளியைப் பற்றி எழுதும்போது நடுவில் 'ஹீ' வந்துவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'ஹீ', 'ஷீ'க்கும் கீழே கோடு போட்டு, யார் இந்த 'அவுக' என்று கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

சொற்களில், தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும். 'அக்யூட்' என்றால் கணக்கு வகுப்பில் குறுங்கோணம். வார்டில் திடீரென்று வந்த நோய். 'க்ரானிக்' என்றால் கடுமையானது என்று பலரும் நினைக்கிறார்கள். நெடுநாளாக இருப்பது என்றுதான் பொருள். 'பேட்டன்ட்' என்று படித்ததும் 'பேஷன்ட்' என்று குறித்துவிடுவார்கள். மூச்சுக்குழாய் அடைப்பில்லாமல் திறந்திருக்கிறது என்பதற்கான சொல் அது.

நீண்ட சொற்களைப் பிரித்துப் படியுங்கள். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. குடல்வால் வீங்கினால் அப்பெண்டிசைட்டிஸ், அதை எடுத்துவிட்டால் அப்பெண்டெக்டமி. 'ஹைப்பர்' மேலே, 'ஹைப்போ' கீழே. தோலுக்கு அடியில் போகிற ஊசி ஹைப்போடெர்மிக் ஊசி என்பதை நினைவில் வைத்தால் ஹைப்போ மறக்காது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தனியார் மருத்துவமனையில், இரவு டியூட்டி முடித்த பெண், அடுத்து வரும் நர்சுக்கு எழுதிவைக்கிற ஹேண்ட்ஓவர் நோட்டில் 'ஹைப்பர்கிளைசீமியா', அதாவது ரத்தத்தில் சர்க்கரை அதிகம், என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். எழுத வேண்டியது 'ஹைப்போ'. இன்சுலின் போடும் முன் விரலில் குத்திப் பார்த்தேன். 48. சர்க்கரை 70க்குக் கீழே போனாலே குறைவு. அந்த நிலையில் இன்சுலின் போயிருந்தால் அந்தப் பெரியவரின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அவள் சோம்பேறி இல்லை, நன்றாகப் படித்தவள்தான். இரண்டையும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மனப்பாடம் செய்தவள்.

அதனால் சொல் பட்டியலை மூடிவிட்டு, தினமும் ராத்திரி ஐந்து வரி எழுதச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கு என்ன உடம்பு, எப்போதிலிருந்து, என்ன மருந்து கொடுத்தீர்கள், இப்போது எப்படி. ஹேண்ட்ஓவர் எழுதுவது போலவே. கூடவே, இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். 'கான்ட்ராஇண்டிகேஷன்' என்ற தலைப்பின் கீழ், யாருக்கெல்லாம் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று இருக்கும். அந்தச் சொல் அதற்கப்புறம் மறக்காது.

முக்கூடல் பிள்ளை அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். 'மை கிராண்ட்மதர் ஹாஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று திருத்தி எழுதியிருந்தாள். அதன் கீழே அவளாகவே சேர்த்த ஒரு வரி: 'ஷீ இஸ் பெட்டர் சின்ஸ் மார்னிங்.' 'சின்ஸ்' சரி. 'இஸ்' மீது மட்டும் பென்சிலால் வட்டம் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், அழித்துவிட்டு 'ஹாஸ் பீன்' என்று எழுதினாள்.