64 பைட் காணாமல் போனபோது

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதை வரை இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். போன மாதம் ஒருநாள் இரவு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, கொம்பியூட்டர் ஓன் ஆகுது, விண்டோஸ் வரேல்லை. கடைக்காரப் பொடியன் உள்ளுக்கை ஒண்டுமில்லை, போர்மட் அடிச்சுத் தாறன் எண்டான். என்ர படமெல்லாம் போட்டுதோ?"

"அவன் போர்மட் அடிச்சிட்டானோ மாமி?"

"இல்லை. உன்னட்டை ஒருக்காக் கேட்டிட்டு எண்டு திருப்பிக் கொண்டுவந்திட்டன்."

அவர் திருப்பிக் கொண்டுவந்த அந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. 1995இல் போருக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு ஒரு துணிப்பைக்குள் அடைத்துக் கொண்டுவந்த குடும்பப் படங்கள் அவரிடம் இருந்தன. மகன் கனடா போவதற்கு முன் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டுப் போனார். பிறகு, கடலோரக் கொழும்பின் ஈரக்காற்றில் அல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடித்து, மூலப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. கணினியில் இருந்தவைதான் மிச்சம்.

கணினி எழும்பவில்லை என்பதும் கோப்புகள் போய்விட்டன என்பதும் வேறு வேறு விசயங்கள். இது எத்தனை வீடுகளில் தெரியாமல் போகிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் பதறும். ஒரு கணினி எழும்பும்போது உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்தால் இது விளங்கும்.

பொத்தானை அமுக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறிய நிரல். பழைய கணினிகளில் அதன் பெயர் பயோஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. நினைவகமும் விசைப்பலகையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிறது. மாமியின் கணினி பழைய வகை. அதில் பயோஸ் டிஸ்க்கின் முதல் துண்டை மட்டும் வாசிக்கும். செக்டர் எனப்படும் அந்தத் துண்டின் அளவு 512 பைட். அதில் முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட், டிஸ்க் எத்தனை பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை. கடைசி இரண்டு பைட் "55 ஏஏ" என்ற அடையாளம். அந்த அடையாளம் கிடைக்காவிட்டால், இது எழுப்பக்கூடிய டிஸ்க் அல்ல என்று பயோஸ் முடிவுகட்டி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு நின்றுவிடும். கிடைத்தால் அந்தக் குட்டி நிரல் அடுத்ததை எழுப்பும், அது விண்டோஸின் கருவை எழுப்பும், கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை வரும். இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் மாமியின் படங்களுக்கு வேலையே இல்லை. சங்கிலி எங்கே அறுந்தாலும் அவை தம் இடத்திலேயே கிடக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அது எந்த இடத்தில் அறுந்தது என்பதை. மின்விசிறிகூடச் சுழலவில்லை என்றால் பெரும்பாலும் மின்வழங்கியோ தாய்ப்பலகையோ போயிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் கொழுவினால் கோப்புகள் கிடைத்துவிடும். விண்டோஸின் சின்னம் வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இயங்குதளத்தின் கோப்புகள் பழுதாகியிருக்கலாம், அல்லது டிஸ்க் களைத்துப்போயிருக்கலாம். மாமியின் திரையில் வந்தது அந்த வெள்ளை எழுத்து.

நான் போனதும் செய்த முதல் வேலை, பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டது. சீரான மெல்லிய இரைச்சல் வந்தது. மனம் கொஞ்சம் ஆறியது. சில டிஸ்க்குகள் "டிக்... டிக்... டிக்" என்று ஒரே கணக்கில் தட்டும். டிஸ்க்குக்குள் தரவு பதிந்திருக்கும் வட்டத் தட்டுகளின் மேல் தன் வழியைக் காட்டும் குறிகளை வாசிப்புத் தலை தேடுகிறது, கிடைக்கவில்லை, திரும்பிப் போய் மறுபடி தேடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தலைக்கும் தட்டுக்கும் இடையில் இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு மைக்ரோன் அளவான தூசியே 1000 நானோமீட்டர். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் தலை உரசினால், காந்தப்பூச்சே பொடியாகிப் போகும். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் தூசியற்ற அறை வைத்திருக்கும் நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் திறந்து பார்ப்பதும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதும் வேண்டாம். கொழும்பின் காற்றில் இருக்கும் ஈரப்பதனுக்கு, குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்த மறுகணமே அதில் நீர்த்துளி படியும்.

மின்வெட்டால் தலை தட்டில் விழுந்திருக்குமோ என்று மாமி கேட்டார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த ஊரில் இது நியாயமான கேள்வி. இதற்கான விடை எனக்கு எப்போதும் வியப்புத் தரும் ஒன்று. மின்சாரம் நின்ற கணத்திலும் தட்டுகள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். சுழலும் மோட்டார் அப்போது ஒரு சிறிய மின்பிறப்பாக்கியாக மாறுகிறது. தட்டுகளின் மிச்சச் சுழற்சியில் பிறக்கும் அந்த மின்சாரத்தைக் கொண்டே டிஸ்க் தன் தலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. மின்வெட்டின் உண்மையான ஆபத்து அந்தக் கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த செக்டர் பாதியில் நின்றுபோவதிலும், மின்சாரம் திரும்பி வரும்போது வரும் ஏற்ற இறக்கத்திலும் இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றினேன். இதை இன்னொரு கணினியில் யூஎஸ்பி வழியாகக் கொழுவ ஓர் இணைப்பி வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போனால் வாங்கலாம். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, யூஎஸ்பி தருவதோ 5 வோல்ட். அதனால் தனியான மின்வழங்கியோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கடைக்காரப் பொடியன் எதைப் பார்த்து "ஒண்டுமில்லை" என்றிருப்பான் என்று எனக்கு அப்போது விளங்கியது. கொழுவிப் பார்த்தால் 500 ஜிபி முழுவதும் ஒரே வெறுமையாகத் தெரிந்தது. பிரிவுகளே இல்லை. விண்டோஸ் கணினியில் இப்படியொரு டிஸ்க்கைக் கொழுவினால், இதைப் புதிதாகத் தயார் செய்யவா என்று அதுவே கேட்கும். பழக்கத்தில் கை "ஓம்" என்று அமுக்கிவிடும். நான் ஒரு பென் டிரைவில் இருந்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைத் துவக்கினேன். அது நினைவகத்திலேயே ஓடும், நாம் சொல்லாமல் டிஸ்க்கில் எதையும் எழுதாது.

பழுதான டிஸ்க்கில் நேரடியாகக் கோப்புத் தேடக் கூடாது. முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுக்க வேண்டும். வாசிக்க முடியாத செக்டரைக் கண்டால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். விண்டோஸ் உறைந்து நிற்பதற்கு ஒரு காரணம் இதுதான். அந்த ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தின்னும். டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல் இதை வேறு விதமாகச் செய்கிறது. இலகுவாக வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் ஒரே ஓட்டமாக அள்ளிக்கொண்டு, கரடுமுரடான இடங்களைத் தாண்டிப் போய், எங்கெங்கே தாண்டியது என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கும். பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கும். இடையில் டிஸ்க் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். வெள்ளம் வரும் வீட்டில் முதலில் பிள்ளைகளைத் தூக்கிவிட்டுப் பிறகு அலுமாரிக்கு வருவது போல.

இரவிரவாக ஓடவிட்டேன். விடிய மாமி கோப்பியோடு வந்து திரையைப் பார்த்தார். 500 ஜிபியில் சில செக்டர்கள் மட்டும் வரவில்லை. அவற்றில் ஒன்று, முதலாவது. அந்த 64 பைட் அட்டவணை அதற்குள்தான் இருந்தது.

அட்டவணை போனால் வீடுகள் இடிந்துவிடுவதில்லை. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், ஒவ்வொரு பிரிவும் தொடங்கும் செக்டரில் அந்தப் பெயரே எழுத்துகளாகப் பதிந்திருக்கும். அந்தச் செக்டரின் மறுபிரதி ஒன்று பிரிவின் கடைசியிலும் இருக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற நிரல் டிஸ்க் முழுவதையும் நடந்து பார்த்து, இந்த அடையாளங்களைக் கண்டுபிடித்து, தொலைந்த அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரும். பிரதியில்தான் இதைச் செய்தேன், மூல டிஸ்க்கை உறையில் போட்டு மூடிவைத்துவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் கோப்புறைகள் தமிழ்ப் பெயர்களோடு வந்து நின்றன.

பெயர்களோடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்டிஎஃப்எஸ் பிரிவுக்குள் ஓர் இடாப்பு இருக்கிறது. தேர்தல் இடாப்பைப் போல, எந்தக் கோப்பு, என்ன பெயர், எந்தெந்த இலக்கத்தில் குடியிருக்கிறது என்று கோப்புக்கொரு பதிவு. பதிவொன்று வழமையாக 1024 பைட். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது இடாப்பில் அதன் பதிவு பயனற்றது என்று குறிக்கப்படுகிறது, அது இருந்த இடம் காலியென்று எழுதப்படுகிறது. ஆட்கள் வீட்டை விட்டுப் போவதில்லை. புதுக் குடித்தனம் வந்து அதே வீட்டில் ஏறும்வரை பழையவர்கள் அங்கேதான். அதனால்தான் தவறுதலாக அழித்த பிறகு அந்தக் கணினியில் ஒன்றும் செய்யாதேங்கோ, மீட்கும் நிரலைக்கூட அதில் இறக்காதேங்கோ என்று சொல்வது.

இடாப்பே எரிந்துபோனாலும் ஒரு வழி உண்டு. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் "எஃப்எஃப் டி8 எஃப்எஃப்" என்ற பைட்களில் தொடங்கும், "எஃப்எஃப் டி9" இல் முடியும். டிஸ்க்கை ஓரத்திலிருந்து ஓரம் வரை வாசித்துக்கொண்டு போய், இந்தத் தலைவாசலைக் காணும் இடமெல்லாம் வெட்டி எடுக்கலாம். ஃபோட்டோரெக் என்ற நிரல் செய்வது அதுதான். பெயரும் கோப்புறையும் போய்விடும், ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் இலக்கங்களாக வரும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் பாதிதான் கிடைக்கும். 2003 பெப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறியபோது பூமிக்கு விழுந்த ஒரு டிஸ்க், கருகி உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. அதில் இருந்த செனன் வாயு ஆய்வின் தரவில் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார்கள். டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்ததும், பழைய டோஸ் இயங்குதளம் தரவைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்ததும் அதற்குக் கைகொடுத்தன.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய கணினிகளில் வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் இந்தக் கதை மாறிவிடுகிறது. அதில் தட்டும் இல்லை, தலையும் இல்லை. பழைய தரவைத் துடைக்காமல் புதியதை எழுத முடியாது என்பதால், ஒரு கோப்பை அழித்தவுடன் இயங்குதளம் "டிரிம்" என்ற கட்டளையை அனுப்பி, இந்த வீடுகள் காலி என்று எஸ்எஸ்டிக்கே அறிவித்துவிடும். பிறகு அது தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்துவிடும். அழித்ததை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எழும்பாத கணினியின் எஸ்எஸ்டியில், அழிக்காமல் இருக்கும் கோப்புகள் இருக்கும்தான். ஆனால் புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்ற குறியாக்க வசதி தரவைத் தானாகவே பூட்டியிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கத் திறப்பு வேண்டும். அது பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே, இன்றைக்கே, அதைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாமியின் படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டு போனோம். ஒன்று மட்டும் பழுது. சாவகச்சேரி வீட்டு முற்றத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். மேல்பாதி தெளிவு. நடுவில் ஒரு மெல்லிய கீற்று கலங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே படம் ஒரு பக்கமாக நகர்ந்து, பச்சை அடித்துப்போய் இருந்தது. வராமல் போன ஒரு செக்டர் இந்தப் படத்துக்குள் விழுந்திருக்கிறது.

512 பைட் போனதற்கு ஏன் பாதிப் படம் பாழானது? ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, 1952இல் டேவிட் ஹஃப்மன் தந்த முறையில், அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்று சுருக்கி வைக்கிறது. குறியீடுகளுக்கு இடையில் இடைவெளி கிடையாது. நடுவில் கொஞ்சம் போனால் வாசிக்கும் நிரல் அடி தவறி, சில கட்டங்கள் உளறிவிட்டுப் பிறகு தானாகவே தாளத்தைப் பிடித்துவிடும். ஆனால் எத்தனை கட்டங்கள் போயின என்பது அதற்குத் தெரியாது, அதனால் மிச்சமெல்லாம் இடம் நகர்ந்து விழும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியும் நிறமும்கூட முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்றே எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை கணக்குப் பிழைத்தால் கடைசி வரை அதே பிழை தொடரும். அந்தப் பச்சை அப்படி வந்தது.

ஆகவே கீழ்ப்பாதி அழியவில்லை, இடம் மாறியிருந்தது. படத்தைத் திருத்தும் நிரலில் அதை வெட்டி உரிய இடத்துக்கு நகர்த்தி, பச்சையை நீக்கி, ஒளியை மேல்பாதியோடு பொருத்தினேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் திரும்பவே வராமல் போனது அந்தக் கீற்று மட்டும். அம்மம்மாவின் தோளில் யாரோ கை வைத்திருக்கும் இடம். விரல்கள் தெரிந்தன, அந்தக் கைக்குரியவரின் முகம் படத்தின் விளிம்புக்கு வெளியே.

மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். "அது பெரியண்ணான்ர கை," என்றார். "ரெண்டு ஃபிரேம் போட்டுத் தா தம்பி. ஒண்டு மகனுக்கு அனுப்பவேணும்."