மீட்டாளா, மீட்டினாளா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். பழைய படங்கள் இருந்த மெமரி கார்டை வீட்டில் யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள். கடையில் கொடுத்து மீட்டு வாங்கியிருக்கிறார். முக்கால்வாசிப் படங்கள் வந்துவிட்டன. சிலவற்றில் மேல் பாதி முகம், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் பட்டை. முழுசாக வந்ததில் ஒன்று, அக்காவின் வளைகாப்பன்று அவருடைய அம்மா வாசலில் நிற்கும் படம்.

“படத்தில் அம்மா அரக்குப் புடவை கட்டியிருக்கிறாள். இத்தனை வருஷமும் எனக்குப் பச்சைப் புடவைதான் ஞாபகம். தங்கையும் பச்சை என்றுதான் சொல்வாள். கார்டிலிருந்து எடுத்ததும் மீட்பு, மனசிலிருந்து எடுப்பதும் மீட்பு. இது மட்டும் எப்படித் தப்பானது?”

நல்ல கேள்வி. முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அடகு வைத்த நகையை ‘மீட்டேன்’ என்கிறோம். வீணையை ‘மீட்டினேன்’ என்கிறோம். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. எதிரி ஓட்டிக்கொண்டு போன மந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து, அந்தச் சண்டையில் செத்துப்போனவனுக்கு வைத்த கல் அது. மாடு மீட்பதைப் பாடும் பழந்தமிழ்க் கரந்தைத் திணை முழுக்க இதே கதைதான். போன மாடே திரும்பி வரும். வைத்த செயினே, கொக்கியில் இருந்த நெளிசல் உட்பட, திரும்பி வரும். வீணையில் அப்படி என்ன திரும்பி வருகிறது? நாதம் தந்திக்குள் ஒளிந்துகொண்டு இருப்பதில்லையே! விரல் படும்போதுதான் அது பிறக்கிறது.

மெமரி கார்டு அடகுக்கடை ஜாதி. ஒரு படத்தை அழிக்கும்போது பெரும்பாலும் படம் அழிவதில்லை, அதன் பதிவேட்டு வரிதான் அழிகிறது. ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் 229 என்ற எண்ணை எழுதிவிடுவார்கள். ‘இந்த இடம் காலி, வேறு யாராவது குடிவரலாம்’ என்று அதற்கு அர்த்தம். புதிதாக யாரும் குடிவராதவரை பழைய படம் அங்கேயேதான் இருக்கும். ஜேபெக் (.jpg) படம் எதுவும் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடு தொடங்கும், 255, 217 என்று முடியும். மீட்கும் மென்பொருள்களில் ஒரு வகை பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை தடவிக்கொண்டே போய், தலையும் வாலும் தெரிகிற இடத்தில் வெட்டி எடுத்துக்கொள்ளும். நடுவில் வேறு கோப்பு புகுந்திருந்தால் அந்த இடத்துக்குப் பிறகு படம் குலைந்து சாம்பல் பட்டையாகிவிடும். ஆனால் முழுசாக வந்த படத்தில் அரக்கு ஒருநாளும் பச்சையாக மாறாது. வந்தால் வந்தது, போனால் போனது.

(போனின் உள் நினைவகம் வேறு கதை. இப்போதைய போன்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரு ரகசியச் சாவியால் குழப்பித்தான் எழுதுகின்றன. சாவி போய்விட்டால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் கிடைக்காது.)

சரி, மூளைக்கு வருவோம். அது வீணை ஜாதி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

வளைகாப்பு நாளின் காட்சி மூளையில் ஒரே இடத்தில் படமாகக் கிடப்பதில்லை. நிறம் பார்வையைக் கவனிக்கும் பகுதியில், வளையல் சத்தம் கேட்கும் பகுதியில், சந்தோஷமும் பதற்றமும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவில் என்று சிதறிக் கிடக்கிறது. அன்று எந்தெந்த நரம்பணுக்கள் ஒன்றாகத் துடித்தன என்ற தொடர்பை ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஏதோ ஒரு நூல்முனை, எலுமிச்சை சாதத்தின் வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் சில அணுக்களைத் தட்டினால் போதும். அவை மற்றவற்றை எழுப்பிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுசுமு தொனெகாவாவின் குழு 2012-ல் இதை எலிகளில் நேராகவே செய்து காட்டியது. ஒரு பெட்டிக்குள் பயந்தபோது துடித்த ஹிப்போகேம்பஸ் அணுக்களை மட்டும் ஒளிக்குப் பணியும்படி மாற்றிவைத்தார்கள். பின்பு பயமே இல்லாத வேறொரு பெட்டியில் விட்டு அந்த அணுக்களில் நீல ஒளி பாய்ச்சினார்கள். எலி அப்படியே உறைந்து நின்றது. தந்தியைத் தொட்டதும் பழைய பயம் எழுந்துவிட்டது.

கூட்டத்தில் எல்லா அணுக்களும் எழுந்திருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. விட்டுப்போன இடத்தை மூளை காலியாக விடாது, சாம்பல் பட்டை போடாது. அம்மா பொதுவாக விசேஷத்துக்கு எந்த நிறம் கட்டுவாள் என்று அதற்குத் தெரியும். அதை வைத்து நிரப்பிவிடும்.

நிரப்பியதோடு போனாலும் பரவாயில்லை. ஒரு நினைவு பதிந்த சில மணி நேரத்தில், புதுப் புரதங்கள் உருவாகி, நரம்பணுக்களின் இணைப்புகள் உறுதிப்படும். கான்கிரீட் இறுகுவது போல, ஒருதடவை இறுகினால் இறுகியதுதான் என்றுதான் வெகுகாலம் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். 2000-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் அந்த நம்பிக்கையை உலுக்கினார்கள். எலிக்கு ஒரு ஒலி, கூடவே காலில் ஒரு மின் அதிர்ச்சி. அடுத்த முறை ஒலி கேட்டாலே எலி உறையும். அந்த நினைவு நன்றாக இறுகிய பிறகு, ஒலியை ஒரே ஒருதரம் கேட்கவிட்டு, உடனே புரதம் உருவாவதைத் தடுக்கும் அனிசோமைசின் என்ற மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். மறுநாள் ஒலி கேட்டால் எலி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!

மருந்து மூளையைக் கெடுத்துவிட்டதோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் சோதனையின் அழகு. ஒலியைக் கேட்கவிடாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழைய பயம் அப்படியே இருந்தது. ஒலி கேட்டு ஆறு மணி நேரம் கழித்து மருந்து கொடுத்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. நினைத்துப் பார்த்த நினைவு மட்டும், நினைத்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு, மறுபடி இளகிவிடுகிறது. திரும்ப இறுகுவதற்குப் புதுப் புரதம் வேண்டும். கிடைக்காவிட்டால் இறுகாமலே போய்விடுகிறது. மனிதர்களுக்கு மருந்து கொடுத்துக் கெட்ட நினைவை அழிக்க முயன்ற சோதனைகளின் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. ஆனால் இளகிய நேரத்தில் வெளியிலிருந்து புதுச் சரக்கு உள்ளே புகலாம் என்பதற்கு ஆய்வுகள் உண்டு.

வீணை வாசிப்பவர்கள் வீட்டில் இருந்தால் கவனித்திருப்பீர்கள். கமகத்துக்காகத் தந்தியை இழுத்து இழுத்து வாசிக்கும்போது சுருதி மயிரிழை இறங்கும். பிரடையைத் திருகிச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது பக்கத்தில் ஒலிக்கும் தம்பூராவே தவறான சுருதியில் இருந்தால், வீணையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இளகிய நினைவும் அப்படித்தான்.

பக்கத்தில் ஒலிப்பது எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த உளவியல் சோதனை இருக்கிறது. 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும், 50 பேரிடம் ‘இடித்துக்கொண்டபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘நொறுங்கிய’ கோஷ்டியில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், ‘இடித்த’ கோஷ்டியில் 7 பேர், கேள்வியே கேட்கப்படாதவர்களில் 6 பேர். ஒரு வினைச்சொல், அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு, ஆழ்மனசைத் திறந்து முற்பிறவி நினைவை மீட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே போய்விட்டு வந்தவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லமாட்டேன். கேட்ட ராகத்தை மனசு வாசித்துவிடுகிறது, அவ்வளவே. ‘உண்மை ஊசி’ என்று பத்திரிகைகள் கொண்டாடிய, மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனையும் எனக்கு அதே வகையறாதான். சம்மதம் இல்லாமல் அதை யார்மீதும் நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. அந்த மாதிரி வித்தைகளுக்குப் போகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து நம் ஊர்க் கல்லூரிகளில் எலி வளர்க்கக் கொடுத்தால்கூடத் தேவலை என்பது என் கட்சி.

ஆசிரியைக்கு வருகிறேன். அம்மாவின் புடவை எப்போது பச்சையானது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஊகம்தான் சொல்ல முடியும். அந்த நாளை நீங்களும் தங்கையும் எத்தனை தடவை பேசியிருப்பீர்கள்! ஒரு தடவை யாரோ ஒருத்தர் வாய் தவறிப் பச்சை என்றிருக்கலாம், அல்லது வேறொரு விசேஷத்தின் பச்சை இதில் கலந்திருக்கலாம். அந்த நேரத்தில் இருவர் தந்தியும் இளகித்தான் இருந்தது. அடுத்த தடவை பேசும்போது பச்சைதான் அசல். அதனால் தங்கையின் பச்சையை இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் பச்சையின் எதிரொலியாகவும் இருக்கலாம்.

ஒன்று செய்து பாருங்கள். அன்று வளைகாப்புக்கு வந்து, அப்புறம் உங்களோடு அதிகம் பேச வாய்ப்பில்லாத ஒரு அத்தையோ மாமாவோ இருப்பார். படத்தை அவருக்கு இன்னும் அனுப்ப வேண்டாம். ‘அம்மா பச்சைப் புடவைதானே கட்டியிருந்தாங்க?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘அன்னைக்கு அம்மா என்ன கட்டியிருந்தாங்க?’ என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுவிட்டு, அதன் பிறகு படத்தைக் காட்டுங்கள். என்ன நிறம் சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.