உலோகச் சோர்வு

கொத்தனார் கையில் வெட்டுக்கருவி இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை எப்படித் துண்டாக்குவார்? முன்னும் பின்னும் நாலைந்து தடவை மடக்குவார், ஒடிந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பிதான் அது. பொறியியலில் ‘மெட்டல் ஃபட்டீக்’, அதாவது உலோகச் சோர்வு, என்பதும் இதுதான், ஆனால் மிக மெதுவாக நடக்கும். சிறு சுமை ஆயிரக்கணக்கான முறை வந்து போக, உலோகத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, வளர்ந்து, ஒருநாள் சட்டென்று ஒடியும்.

‘ஃபட்டிகாரே’ என்றால் லத்தீனில் களைப்படையச் செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மனிதருக்கு உரிய இந்தச் சொல்லை இரும்புக்குப் பொருத்திய முன்னோடி பொன்செலே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். 1842-இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, இந்தக் ‘களைப்பு’ பெரிய கவலையாகிவிட்டது.

சிறு விமானத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு 2018 ஏப்ரல் 4 ஒரு சாட்சி. அமெரிக்காவின் புளோரிடாவில், டேட்டோனா பீச் விமான நிலையத்தில் பைப்பர் ஆரோ பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டு உடனே மேலெழுந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது இறக்கை தனியே பிரிந்தது. உள்ளே இருந்த மாணவர், அவரைச் சோதிக்க வந்த தேர்வாளர் இருவரும் இறந்தனர். விமானம் 2007-இல் செய்யப்பட்டது. கிழம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுமார் 7,700 மணி நேரம் பறந்திருந்தது, அதில் பெரும்பகுதி பயிற்சிப் பறப்பு. மாணவர்கள் தொப்பென்று தரை தட்டுவதும் தாழ்வான உயரத்துக் காற்றின் குலுக்கலும் இறக்கைக்குத் தினப்படி சோறு மாதிரி.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு உத்தரம் ஓடும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடும். அங்கே, உடலோடு சேரும் இடத்தில், ஒரு போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உடைந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான், அலை வடிந்த மணலில் கிடக்கும் வரிகள்போல, விரிசல் வளர்ந்த தடம் வளைவு வளைவாகத் தெரியும். அப்புறம்தான் இவ்வகை விமானங்களின் துளைகளைச் சுழல் மின்னோட்டத்தால் (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை) சோதிக்க உத்தரவு வந்தது.

சரி, தமிழில் ‘சோர்வு’ சரியான சொல்லா? ‘களைப்பு’ கட்டாயம் இல்லை: களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும், உலோகத்துக்கு ஓய்வு கொடுத்தாலும் விரிசல் மூடாது. ‘தளர்ச்சி’ என்றால் முடுக்கு விட்டது போலாகும். எனக்குப் பிடித்தது ‘உலைவு’. அலைந்து உலைந்து என்கிறோமே, ஆட்டமும் நைவும் சேர்ந்தே இருக்கிறது; ‘உலைவின்றி’ என்று குறளிலும் உண்டு. ஆனால் ‘உலோக உலைவு’ என்று எழுதினால் பாதிப் பேர் கொல்லன் பட்டறை உலையைத்தான் நினைப்பார்கள். ஆகவே சோர்வே இருக்கட்டும், விரிசலைச் ‘சோர்வு விரிசல்’ எனலாம்.

இன்னொன்று. இப்படிப்பட்ட விபத்தை ‘இறக்கை கழன்று விழுந்தது’ என்று எழுதத் தோன்றும். கழல்வது ஆணியும் திருகும். இங்கே போல்ட் கழலவில்லை, அதைச் சுற்றியிருந்த உலோகம்தான் விட்டுக்கொடுத்தது. இறக்கை ஒடிந்தது என்பதே சரி.